இரண்டாவது பெடல்

டிரைவிங் டீச்சர் காரில் எப்போதும் இடதுபக்கம்தான் உட்காருவார். சொந்தக் கார்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வேறு யாராவதாக இருப்பார். கல்லூரிப் பெண், ஓய்வுபெற்ற குமாஸ்தா, கணவருக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ள வந்த ஒரு மனைவி என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓர் இரும்புக் கம்பி அதை ஓட்டுபவரின் பெடலோடு இணைத்திருந்தது. இவர் மிதித்தால் அதுவும் தாழும், வண்டி நிற்கும்.

நான் அவரிடம் கற்றுக்கொண்டவள். எங்கள் கட்டிடத்தில் அவர் இரண்டாம் மாடி, நான் முதல் மாடி. கற்ற நாட்களில் நானே சமயத்தில் நிறுத்திவிட்டதாகப் பெருமைப்பட்ட பல தடவைகளில் நிறுத்தியது அவர்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. சொல்லிக்காட்ட மாட்டார். "பரவால்ல, பாத்து நிறுத்துனீங்க" என்பார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார். வலது கால் மட்டும் பெடலுக்கு மேலே தொட்டும் தொடாமலும் நிற்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கிற வேலையில் சேர்ந்தவர் அவர். அங்கே கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். கற்க வந்த பெண்கள் ரெண்டு நாள் வந்து, திட்டு வாங்கி, மூன்றாம் நாள் நின்றுவிடுவார்கள். முதலாளி ஒருநாள் எரிச்சலில், "நீயே போய்ச் சொல்லிக் குடேன்மா" என்றார். எரிச்சலில் சொன்னது நிலைத்துவிட்டது. பிறகு அந்த ஸ்கூலை மூடியபோது பழைய வண்டி ஒன்றை இவரே வாங்கிக்கொண்டார். சின்னக் கார். வெயிலில் வெளுத்த சிவப்பு. கதவைச் சாத்தினால் தகர டப்பா மாதிரி சத்தம் போடும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பெண்களை அவர் சாலைக்கு அனுப்பியிருந்தார்.

அவர் கணவர் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பி ஊர் எல்லையில் ஒரு மெக்கானிக் ஷெட் நடத்தினார். டீச்சர் அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது, மெக்கானிக் வேலையில் சேர்த்துவிட்டது, பெண் பார்த்தது எல்லாம் டீச்சர்தான். அண்ணி சொல்லிக் கொழுந்தன் மறுத்தது என்று எதுவும் கிடையாது. அந்த ஒரு நாள்வரைக்கும்.

அப்போது டீச்சரிடம் ஒரு தையல்காரம்மா கற்றுக்கொண்டிருந்தார். பயந்த சுபாவம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. நாற்சந்தியில் போய் முடியும். அதில் இறங்கும்போது, குறுக்கே ஒருவர் தண்ணீர் கேன் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தையல்காரம்மா பதறி இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டார். டீச்சர் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் உருண்டுகொண்டேதான் இருந்தது. திரும்ப மிதித்தார். கடைசியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். வண்டி தள்ளுவண்டியை லேசாக முட்டி நின்றது. கேன்கள் இரண்டு உருண்டு சாக்கடை ஓரம் போயின. யாருக்கும் அடியில்லை.

கேன்காரர் நிதானமாக வந்து காரின் கூரையில் இருந்த பலகையைப் படித்தார். "ஸ்கூலுன்னு எழுதியிருக்கீங்க. மொதல்ல வண்டிக்குப் பாடம் எடுங்கம்மா" என்றார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். தையல்காரம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். வண்டியை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போனார்.

கொழுந்தன் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "பெடல் ஆழமா போகுதா, இல்ல கல்லு மாதிரி இருந்தும் பிடிக்கலையா?"

"ஆழமாத்தான் போகுது. ரெண்டாவது தடவை மிதிச்சா கொஞ்சம் மேல வருது. ரொம்ப நாளாவே மந்தமா இருக்குடா. அதுவும் என் பக்கத்துப் பெடல் ரொம்ப மோசம்."

"ரொம்ப நாளாவா? அப்பவே கொண்டு வர்றதுக்கு என்ன?"

"ஒனக்கு வேலை இருக்கும்னு இருந்துட்டேன்."

கொழுந்தன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கி, வடிகட்டாத டீ மாதிரி கறுத்திருந்தது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி நான்கு சக்கரங்களையும் கழற்றினார். முன்சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ் ஓரிடத்தில் உப்பியிருந்தது. "எலிய முழுங்குன பாம்பு மாதிரி இருக்கு பாருங்க. நீங்க மிதிக்கிற மிதியில பாதிய இதுவே தின்னுடும்" என்றார். பின்பக்கம் வலது டிரம்மைத் தட்டிக் கழற்றியபோது உள்ளே ஈரம் மின்னியது. சக்கர சிலிண்டர் கசிந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ இரண்டும் ஆயிலில் ஊறிப் போயிருந்தன. துடைத்து மாட்டிப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். டீச்சர் பக்கத்துப் பெடலின் கம்பியையும் குனிந்து ஆட்டிப் பார்த்தார். இணைப்பில் துளி ஆட்டம் இருந்தது. புது போல்ட் போட்டு முறுக்கினார்.

"உங்க மேல தப்பில்ல அண்ணி. இவ்வளவு கோளாற வச்சுக்கிட்டு இது இத்தன நாள் நின்னதே பெரிசு."

அதைக் கேட்டு டீச்சருக்கு உயிர் வந்தது. அதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

புது சிலிண்டர், புது ஷூ, புது ஹோஸ் எல்லாம் பொருத்தி, புது ஆயில் ஊற்றியாயிற்று. மீதி இருந்தது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்து அப்படியே பிடித்திருக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சின்னத் திருகு ஒன்றைத் தளர்த்துவார். அதில் மாட்டிய குழாய் வழியே காற்றும் ஆயிலும் ஒரு பாட்டிலில் வந்து விழும். அவர் திருகை மூடும்வரை மிதித்த கால் எழும்பக் கூடாது. எழும்பினால் வெளியேறியது திரும்ப உள்ளே போய்விடும். டீச்சர் இதைப் பல தடவை செய்தவர். வழக்கம்போல ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்க. பிடிச்சுக்குங்க."

"பிடிச்சிருக்கேன்."

குழாயில் குமிழிகள் வந்தன. கொழுந்தன் திருகை மூடுவதற்குள் வந்த ஆயில் குழாயில் பின்னோக்கி ஓடியது.

"அண்ணி, நான் சொல்றதுக்கு முன்னாடி விடாதீங்க."

"நான் விடலையே."

திரும்பவும் மிதித்தார், திரும்பவும் அதேதான். ஒவ்வொரு முறையும் ஆயில் பின்னோக்கிப் போனது, புதுக் குமிழிகள் வந்தன. கொழுந்தன் திருகைச் சந்தேகப்பட்டார், மாற்றினார். குழாயைச் சந்தேகப்பட்டார், வேறு மாட்டினார். அப்புறம் எழுந்து வந்து, திறந்திருந்த கதவு வழியே கீழே பார்த்தார். டீச்சரின் வலது கால் பெடல்மேல் இருந்தது. கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பெடலின் ஸ்பிரிங் அந்தப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டிருந்தது. டீச்சர் முன்கண்ணாடி வழியே ஷெட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெடல் எழும்புவது அவருக்குத் தெரியவேயில்லை.

கொழுந்தன் திரும்பப் போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணி, இந்தத் தடவ இடது காலால மிதிங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

இடது காலால் மிதித்தார். அடுத்தடுத்த மிதிகளில் குமிழி நின்று தெளிந்த ஆயில் வந்தது. மற்ற சக்கரங்களும் தகராறு இல்லாமல் முடிந்தன.

சக்கரங்களை மாட்டி கொழுந்தன் வண்டியை ஷெட்டுக்கு எதிரே இருந்த வெற்றுத் தெருவில் ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் நின்றது. அடுத்து டீச்சர் ஓட்டினார். நின்றது, ஆனால் அவர் நினைத்த இடத்தைத் தாண்டி நின்றது.

"இன்னும் பாதிதான் பிடிக்குது. எதையோ விட்டுட்டே பாரு."

கொழுந்தன் கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு, "பிரேக் சரியா இருக்கு அண்ணி. கால்தான்" என்றார்.

"என்ன கால்?"

"உங்க வலது கால். நான் பாத்தேன். பிடிச்சு நிக்க மாட்டேங்குது."

டீச்சர் சிரித்தார். "காலையிலேருந்து பதட்டத்துல இருந்திருக்கேன். ஒரு டீ குடிச்சாச் சரியாயிடும்."

"இல்ல அண்ணி. நீங்க ரொம்ப நாளா மந்தமா இருக்குன்னீங்க. ஓட்டக் கத்துக்குறவங்க யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?"

யாரும் சொன்னதில்லை. தையல்காரம்மா கூடத் தன் பக்கத்துப் பெடல் மந்தம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. டீச்சர் அதை நினைத்துப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் வாய் வேறு சொன்னது. "சாயங்காலம் ஒரு கிளாஸ் இருக்கு. சாவியக் குடு."

"தர்றேன். ஆனா அந்தப் பெடலக் கழட்டிட்டுத்தான் தருவேன்."

"அது என் பொழப்புடா."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுதான் பேசுறியா? யாரு வண்டியில யாரு கை வைக்கிறது?"

கொழுந்தன் தலை குனிந்துகொண்டார். ஆனாலும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்தார். அண்ணியின் கண் முன்னாலேயே, சற்று முன் புது போல்ட் போட்டு முறுக்கிய அதே கம்பியைக் கழற்றி, பெடலைத் தனியே எடுத்துப் பலகைமேல் வைத்தார். பெடலின் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதன்பிறகு சாவியை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பஸ்ஸில் ஏறும்போது வலது செருப்பு கழன்று சாலையிலேயே விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் எடுத்துக்கொடுத்த பிறகுதான் அது காலில் இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது.

அன்று மாலை கணவர் கடையை அடைத்துவிட்டு வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. டீச்சர் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வலது பாதத்தின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரும் எதிரே உட்கார்ந்தார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். உங்க தம்பி இப்படிச் செஞ்சுட்டான் என்றுதான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டிருந்தது.

"மாடி ஏறும்போது உன் செருப்பு கழண்டு கழண்டு விழுமே," என்றார் கணவர். "வார் தளர்ந்துடுச்சுன்னு நெனச்சேன். ரெண்டு தடவ தைச்சுக் கொண்டாந்தேன். அப்புறம் புதுசே வாங்கினேன்."

"ஆமா. புதுச் செருப்பு பெரிசா இருக்குன்னு நானே ஒங்கள ஏசினேன்."

"எனக்குத் தோணவே இல்ல," என்றார் அவர். அந்த மனிதர் அழுததை டீச்சர் அன்றைக்குத்தான் பார்த்தாராம்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் டீச்சரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார். வலது காலில் நின்று உயர்த்தச் சொன்னார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். குதிகால் தரையை விட்டு எழவில்லை.

"இது எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"தெரியல சார். பிரேக்குன்னு நெனச்சேன்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவர்தான் விளக்கினார். ஸ்கேனில், முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஒரு வட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. சிலருக்கு உயிர் போகிற வலி இருக்கும், இவருக்கு வலி அதிகமில்லாததால்தான் தெரியாமலே போயிற்று என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்ய வேண்டும். செய்தால் மேலும் மோசமாகாது. இழந்த பலம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

ஆபரேஷன் நடந்தது. கொழுந்தன் தினமும் மருத்துவமனைக்கு வந்தார். ஆனால் வார்டுக்குள் வரவில்லை. அண்ணன்கூட வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார், திரும்ப வந்து உட்கார்ந்திருப்பார். நான் பார்க்கப் போயிருந்த அன்று, "உங்க கொழுந்தன் வெளிய இருக்காரு, கூப்பிடட்டுமா?" என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு வீட்டில் பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும் இறக்குவதும். காலையில் எங்கள் வீட்டுக் கூரையில் அந்தக் குதிகால் தரையில் பட்டென்று விழுகிற சத்தம் கேட்கும். "மேல... கீழ..." என்று கணவர் சொல்கிற குரலும் கேட்கும். மழைக்காலம் முடிவதற்குள் சத்தம் மெதுவாகிவிட்டது. இப்போது காலைப் பொத்தென்று போடாமல் இறக்க முடிகிறது என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா வந்தார். வேறொரு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டிருந்தார். "அந்த வாத்தியார் கத்துற கத்துல எனக்குப் பயமே போயிடுச்சு டீச்சர்," என்றார். "அந்தச் சரிவுல என் காலு பிரேக்குல இருந்திருந்தா இவ்வளவு நடந்திருக்காதுல்ல?"

"உங்க காலு அன்னைக்குப் பதறலன்னா என் காலப் பத்தி எனக்கே தெரிஞ்சிருக்காது," என்றார் டீச்சர். "வாங்க. வண்டி ஷெட்லயே கெடக்கு. போய்ப் பாக்கலாம்."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். கார் ஷெட்டின் உள்பக்கம், தூசி படாமல் துணி போர்த்தி நின்றது. கழற்றிய பெடலுக்குக் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார் கொழுந்தன். அண்ணியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி வலது காலால் மிதித்தார். அழுத்திப் பிடித்தார். இம்முறை அவர் சுவரைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பெடல் தாழ்ந்தது, நின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது.

"மிதிச்சா போகுது," என்றார். "பிடிச்சு நிக்கத்தான் கஷ்டமா இருக்கு."

அண்ணி தன்னிடம் பேசிவிட்டார் என்பதே கொழுந்தனுக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. "இது ரொம்பப் பழைய மாடல் அண்ணி, பூஸ்டர் கிடையாது. உங்க காலு குடுக்குறதுதான் பிரேக்குக்குப் போகும். இதுக்கு அடுத்த மாடல்ல பூஸ்டர் வந்துடுச்சு. எஞ்சினே சேந்து அழுத்திக் குடுக்கும். ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டிடுறேன். பாதி பலம் போதும்." அலமாரியைப் பார்த்தார். "அது மாட்டுனப்புறம், டாக்டரும் சரின்னா, உங்க பெடலையும் மாட்டித் தர்றேன்."

டீச்சர் ஸ்டியரிங்கின்மேல் கையை வைத்தபடி யோசித்தார். தையல்காரம்மா வெளியே போய் நின்றுகொண்டார்.

"பூஸ்டர் மாட்டு," என்றார் டீச்சர். "பெடல் வேணாம். என் உசிரு என் கால நம்பி இருக்கட்டும். அடுத்தவங்க உசிர இனிமே இத நம்பி வைக்க மாட்டேன்."

"நல்லாயிடும் அண்ணி. இன்னும் நாளாகும்னுதானே சொல்லியிருக்காங்க."

"நல்லாகட்டும். ஆனா அன்னைக்கு நீ கழட்டலைன்னா, நான் சாயங்காலம் கிளாஸுக்குப் போயிருப்பேன்டா. கால்தான்னு நீ சொன்னதுக்கப்புறமும் போயிருப்பேன். அதான் எனக்கு ஆறல."

"டீ சொல்லட்டுமா அண்ணி?" என்றார் கொழுந்தன்.

"சொல்லு. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை கம்மியா."

பூஸ்டர் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. டாக்டர் காலைச் சோதித்து, சொந்த வண்டியை ஊருக்குள் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். கூரைப் பலகையை டீச்சர் தானே கழற்றினார். அலமாரியில் இருந்த பெடல் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வண்டிக்குப் போயிற்று. இப்போது அவர் வீட்டு முன்னறையில் காலையில் சாலை விதிகள் வகுப்பு நடத்துகிறார். வண்டியில் பயிற்சி கொடுப்பது வேறொருவர். வகுப்பு முடிந்து படிப்பவர்கள் எழுந்து வண்டிக்குப் போகும்போது டீச்சர் பால்கனிக்கு வந்து நிற்பார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நிற்பார். அப்போது நாங்கள் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

வலது பாதத்தின் ஓரத்தில் இன்னும் உணர்ச்சி இல்லை. செருப்பை விட்டுப் பட்டை வைத்த காலணிக்கு மாறிவிட்டார். மாலை வேளைகளில் அவரே காரை ஓட்டிக்கொண்டு போய்க் கணவரைக் கடையிலிருந்து அழைத்து வருகிறார். "நீங்களும் கத்துக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டாராம். "எனக்கு இஸ்திரிப் பெட்டியே போதும். அது நான் விட்ட எடத்துல நிக்கும்" என்றாராம் கணவர்.

கிளம்புமுன் எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை அழுத்தி, காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருப்பார். அந்தக் குறுகிய தெருவில் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிடும். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும் என்று இருப்பார். தன் கால் தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் கியரைப் போடுவார்.